"குனிந்தே பழகியவர்கள்" என்று சொல்லாதீர்கள்

நான் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கோடையில் அமெரிக்கக் கடைகளுக்கு வரும் லெட்டூஸில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. ஸ்ட்ராபெரி, பிராக்கோலி, காலிஃபிளவரும் உண்டு. முதுகுவலி, முழங்கால் வலி என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் வயலில் வேலை செய்கிறவர்கள், அல்லது செய்து ஓய்ந்தவர்கள். ஏறக்குறைய எல்லோருமே மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நல்ல அனுபவமுள்ள ஒருவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். "இவங்க குனிஞ்சே பழகினவங்க. உடம்பு வாகே அப்படி. வலி தாங்குவாங்க. நீ ரொம்ப மெனக்கெடாதே." கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. நானும் தலையாட்டினேன். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு நோயாளி. (இங்கே வரும் நோயாளிகள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எழுபது தாண்டியவர். முழுதாக நிமிர முடியாது. முதுகின் அசைவை அளக்கக் கோணமானியை எடுத்தேன். ஓர் அடி நீளமுள்ள பிளாஸ்டிக் கருவி அது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதான் இருக்கும்" என்றார். எது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து குனிந்தார். இடது முன்கை தானாகப் போய்த் தொடையில் ஊன்றிக்கொண்டது. வலது கை தரையை ஒட்டி இறங்கி, கோணமானியால் இரண்டு கொத்து. ஓர் எட்டு நகர்ந்தார். மறுபடி இரண்டு கொத்து. ஐம்பது வருடமாகச் செய்யாத வேலை, உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

அவர் காட்டிய கருவியின் பெயர் எல் கோர்த்தீத்தோ. ஸ்பானிஷில் 'குட்டையானது' என்று பொருள். 'சைத்தானின் கை' என்றும் சொல்வார்கள். நம் ஊரில் களைக்கொத்து பிடித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கைப்பிடி ஓரடியிலிருந்து இரண்டடிக்குள்தான். நெருக்கமாக முளைத்த லெட்டூஸ் நாற்றில் இடைவெளி விட்டு ஒன்றை நிறுத்தி, மற்றதை வெட்டிக் கலைத்துவிட வேண்டும். காலையில் குனிந்தால் பொழுது சாய்கிற வரை அதே நிலைதான்.

நீளப்பிடி வைத்தால் செடி சேதமாகும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். மற்ற இடங்களில் நீளப்பிடிக் கொத்தை வைத்தே அதே வேலை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர்கள் சொல்லும் காரணம் வேறு. குட்டைப்பிடி இருந்தால், யார் நிமிர்கிறார் என்று மேஸ்திரிக்கு வரப்பின் மறுகோடியிலிருந்தே தெரியும். நிமிர்ந்த முதுகு தெரிந்தால் வேலை நிற்கிறது என்று கணக்கு.

என் தொழிலின் பக்கமிருந்து ஒன்றைச் சொல்கிறேன். முழுதாகக் குனிந்த நிலையில், முதுகைத் தாங்கும் தசைகள் ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிடும். பாரமெல்லாம் தசைநார்கள் மேலும் டிஸ்க் மேலும் இறங்கும். அப்படியே நீண்ட நேரம் இருந்தால் தசைநார்கள் மெல்ல இழுபட்டுத் தொய்யும்; பழைய நிலைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த நாள் விடிந்துவிடும். இது எந்த நாட்டவர் முதுகுக்கும் ஒன்றுதான். குனிவதற்கென்றே தனியாக ஒரு முதுகெலும்பு எந்த இனத்துக்கும் கிடையாது.

ஆனால் அப்படி உண்டென்று வெளிப்படையாகவே பேசினார்கள். 1960களில் கலிபோர்னியாவின் செனட்டராக இருந்த ஜார்ஜ் மர்ஃபி, மெக்சிகோக்காரர்கள் தரைக்குப் பக்கமாகப் படைக்கப்பட்டவர்கள், அதனால் இந்த வேலை அவர்களுக்குச் சுலபம் என்ற பொருளில் பேசியது பதிவாகியிருக்கிறது. என் முதல் வாரத்தில் கேட்ட யோசனை அதன் பேரப்பிள்ளை.

1972ல் மாரிஸ் ஜோர்டேன் என்ற சட்ட உதவி வழக்கறிஞரும் சகாக்களும் கோர்த்தீத்தோவைத் தடை செய்யக் கேட்டு மனுப்போட்டார்கள். முதுகு எப்படிக் கெடுகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறை 1973ல் மறுத்துவிட்டது. பாதுகாப்பற்ற கைக்கருவி என்று விதி சொல்வது உடைந்த, பழுதான கருவியைத்தான். இந்தக் கொத்தில் பழுது இல்லை என்பது அவர்கள் வாதம். கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் குட்டைக் கொத்து ஒழிந்தது. அப்புறம் என்ன ஆனது தெரியுமா? சில வயல்களில் கொத்தே இல்லாமல், வெறுங்கையால் குனிந்து களை பிடுங்கச் சொன்னார்கள். அதற்குக் கட்டுப்பாடு வர 2004 ஆனது.

பெரியவரின் அப்பா 'பிராசெரோ'வாக வந்தவர். ஸ்பானிஷில் பிராசோ என்றால் கை. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1942ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கு அந்தப் பெயர். 1964 வரை 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தேர்வு நிலையத்தில் உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். பிறகு உடை களையச் சொல்லிப் பரிசோதனை. பல இடங்களில் முகத்திலும் உடம்பிலும் டிடிடி பொடி அடித்தார்கள். "ஆட்டுக்கு மருந்து அடிக்கிற மாதிரி" என்று அப்பா சொன்னதாகப் பெரியவர் சொன்னார். திட்டத்தின் முதல் ஆண்டுகளில் கூலியில் 10 சதவீதத்தைச் சேமிப்பு என்று பிடித்து மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். ஏராளமானோருக்கு அது கைக்கு வரவே இல்லை. பாகுபாடு மிக மோசமாக இருந்ததால் டெக்சாஸுக்கு மட்டும் ஆள் அனுப்ப மாட்டோம் என்று மெக்சிகோ அரசே சில ஆண்டுகள் மறுத்தது.

'அழுக்கானவர்கள்' என்ற முத்திரை அதற்கும் முந்தியது. 1917ல் எல் பாசோ எல்லைப் பாலத்தில், பேன் ஒழிப்பு என்ற பெயரில், தினமும் வேலைக்கு வந்துபோகும் மெக்சிகோக்காரர்களை எரிபொருள் கலந்த குளியலுக்குத் தள்ளினார்கள். முந்தைய ஆண்டுதான் அதே ஊர்ச் சிறையில் அப்படி ஒரு குளியலின்போது தீப்பிடித்துப் பலர் கருகிச் செத்திருந்தார்கள். கார்மெலிட்டா டோரஸ் என்ற 17 வயது வீட்டு வேலைக்காரப் பெண் டிராமிலிருந்து இறங்க மறுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பாலத்தை மறித்துவிட்டார்கள்.

அதே 1917ல் வந்த குடியேற்றச் சட்டம்தான் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை அடைத்தது. அந்தச் சட்டத்தின் எழுத்தறிவுத் தேர்வு, 8 டாலர் தலைவரி இரண்டிலிருந்தும் மெக்சிகோ வயல் தொழிலாளர்களுக்குச் சில மாதங்களிலேயே விலக்குக் கொடுத்தார்கள். நம்மை வேண்டாம் என்றவர்கள், குறைந்த கூலிக்கு அவர்களை வா என்றார்கள். 1930களில் பொருளாதாரம் சரிந்ததும், லட்சக்கணக்கானவர்களை ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்களும் அதில் அடக்கம். கலிபோர்னியா அதற்குச் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது 2005ல்.

கூலிச் சட்டங்களின் கதையும் இதுதான். 1935ல் சங்கம் சேரும் உரிமை, 1938ல் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் வந்தபோது வயல் வேலையை அவற்றில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். தென் மாநிலத்துக் கறுப்பின விவசாயக் கூலிகளுக்கு அவை போய்ச் சேரக் கூடாது என்பது அங்கிருந்த அரசியல்வாதிகளின் கணக்கு; மேற்கே மெக்சிகோக்காரர்களும் அதே பள்ளத்தில் விழுந்தார்கள். சட்டத்தில் இனம் என்ற சொல்லே கிடையாது. வயல் வேலைக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நாடு தழுவிய சட்டத்தில் இன்றும் இல்லை.

டெக்சாஸில் இனப் பாகுபாடு பலகையாகவே தொங்கியது. பீட் ஹெர்னாண்டஸ் என்ற பருத்தித் தொழிலாளியின் வழக்கில் 1954ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்பில் ஒரு விவரம் வருகிறது. அந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் பலகை இல்லை. இன்னொன்றில் 'கறுப்பு ஆண்கள்' என்று ஆங்கிலத்திலும், 'ஆண்கள் இங்கே' என்று ஸ்பானிஷிலும் எழுதியிருந்தது. 25 ஆண்டுகளாக மெக்சிகோப் பெயருள்ள ஒருவர்கூட அங்கே ஜூரியில் உட்கார்ந்ததில்லை.

செத்த பிறகும் பெயர் கிடைக்கவில்லை. 1948 ஜனவரியில், திருப்பி அனுப்பப்பட்ட 28 மெக்சிகோத் தொழிலாளர்கள் கலிபோர்னியாவின் லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கில் விமானம் விழுந்து இறந்தார்கள். ஃபிரெஸ்னோவில் ஒரே குழியில் புதைத்தார்கள். அவர்கள் பெயர் பொறித்த கல் அங்கே வந்தது 2013ல். நான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் சுவலார் என்ற ஊரில் 1963 செப்டம்பரில், பெஞ்சு போட்டுப் பஸ்ஸாக மாற்றிய லாரி மேல் ரயில் மோதி 32 பிராசெரோக்கள் இறந்தார்கள். அந்த நெடுஞ்சாலைத் துண்டுக்கு இப்போது அவர்கள் நினைவாகப் பெயர். அதனால்தான் இரண்டு குடும்பப் பெயர் உள்ள நோயாளியிடம் இரண்டையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு படிவங்களோடு மல்லுக்கட்டும் நமக்கு அதன் அருமை தெரியும்.

இனி, இன்றைய கதை. ஸ்ட்ராபெரி பறிக்கும் பெண் ஒருவர், முப்பது வயதிருக்கும். மூன்று முறை வந்தார். போனில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். எதைக் கேட்டாலும் "சி" (ஸ்பானிஷில் 'ஆமாம்'). பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றாலும் "சி". சொன்ன பயிற்சி எதுவும் செய்யவில்லை. 'ஒத்துழைப்பு இல்லை' என்று குறிப்பில் எழுதினேன். அது தவறு. நான்காம் முறை கூட வந்த மகள் சொன்னாள், "அம்மாவுக்கு ஸ்பானிஷ் சரியா வராது. எங்க பேச்சு மிஸ்தெக்கோ." மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துப் பழங்குடி மொழி அது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள். வஹாகாக்காரர்களை மட்டம் தட்டும் 'வஹாக்கீத்தா' என்ற வசைச்சொல்லை அவளும் பள்ளியில் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்வது சக மெக்சிகோப் பிள்ளைகள்தான். கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் ஊர்ப் பள்ளி நிர்வாகம் 2012ல் அந்தச் சொல்லுக்கு எதிராகத் தீர்மானமே போட வேண்டியிருந்தது. மிதிபட்டவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே மருத்துவத் துறையில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். வயல் தொழிலாளி வந்தால், எந்த மொழியில் பேசினால் வசதி என்று கேளுங்கள். ஸ்பானிஷ் என்று நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். குடியேற்ற ஆவணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். வேலையில் அடிபட்டால், ஆவணம் இல்லாதவருக்கும் கலிபோர்னியா சட்டப்படி சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. பலருக்கு அது தெரியாது, சொல்லுங்கள். வெயில் காலத்தில் தண்ணீரும் நிழலும் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இங்கே 2005லிருந்து இருக்கிறது. கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த முறை மிஸ்தெக்கோ மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தேன். அந்தப் பெண் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். நான் கொடுத்ததெல்லாம் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகள். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர். படுக்கத் தரை இல்லை. சரி, வயலிலேயே செய்யலாம் என்று, இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைகிற பயிற்சியைக் காட்டினேன். நன்றாகச் செய்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒன்று கேட்டார். "நிமிர்ந்து நின்னா மேஸ்திரி பார்ப்பாரே, என்ன சொல்றது?"

இருவரும் யோசித்தோம். பெட்டியை எண்ணுகிறவரிடம் கொடுத்துவிட்டு அட்டையில் குறிக்கிற வரை எப்படியும் நிற்க வேண்டும். அப்போது செய்வது என்று முடிவானது. மருத்துவக் காரணத்தால் பெட்டிக்கு ஒரு முறை இவர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். அதை நான்காக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார்.