அல்கொன்குயினில் கனூ, கூடாரம், தூண்டில்: எதற்கு எந்த அனுமதி?

கோடை வந்தால் ரொறன்ரோவில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு எழும். அல்கொன்குயின் பார்க்குக்குப் போவோம், கனூவில் (துடுப்புப் போடும் சிறு படகில்) உள்ளே போய்ப் பிள்ளைகளோடு இரண்டு இரவு தங்குவோம், மீன் பிடித்து அங்கேயே சுட்டுச் சாப்பிடுவோம். பத்துப் பேர் கை தூக்குவார்கள், ஒருவர் பெர்மிட் எடுப்பார், அதோடு எல்லாம் சரி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சரியில்லை. அந்தப் பெர்மிட் தங்குவதற்கு மட்டும்தான். மீன் பிடிக்க மாகாண அரசின் மீன்பிடி லைசென்ஸ் தனியாக வேண்டும், கனூவுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை மத்திய அரசின் ட்ரான்ஸ்போர்ட் கனடா சொல்கிறது. ஒன்றை வாங்கினால் மற்றது கூடவே வராது.

முதலில் தங்கும் பெர்மிட். 1893இல் தொடங்கிய அல்கொன்குயின் ஒன்ராறியோவின் முதல் மாகாணப் பூங்கா, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஹைவே 60 ஓரமாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திக் கூடாரம் அடிக்கும் இடங்கள் வேறு, கனூவிலோ நடந்தோ மட்டும் போகக்கூடிய உள்காடு வேறு. உள்காட்டுக்கு பேக்கன்ட்ரி பெர்மிட் எடுக்க வேண்டும். இடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை, ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. நாங்கள் போகும் நாளுக்கு 5 மாதம் முன்பு காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஜூலை 1 போக ஆசை என்றால் பெப்ரவரி 1 காலையிலேயே கணினி முன்னால் உட்கார வேண்டும், லோங் வீக்கெண்டில் கனூ லேக் பக்கமெல்லாம் ஜூன் மாதம் தேடினால் கிடைக்காது. தேதியை மாற்ற முடிகிறவர்கள் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) முடிந்த பிறகு போகலாம் என்பது என் கருத்து. கூட்டமும் குறைவு, கடிக்கிற பூச்சியும் குறைவு.

பதிவு செய்வது ஏரியைத்தான், அந்த ஏரியில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்தை அல்ல. முதல் இரவு எந்த ஏரி, இரண்டாம் இரவு எந்த ஏரி என்று எழுதிக் கொடுக்கிறோம், அங்கே போய்ச் சேர்ந்ததும் கரையில் ஆரஞ்சு நிறப் பலகை தெரியும் இடங்களில் எது காலியோ அதில் இறங்கலாம். முதலில் வந்தவருக்கு முதலில். ஆகவே மத்தியானத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது. பக்கத்து ஏரி அழகாக இருக்கிறதே, இன்றைக்கு அங்கே தங்குவோம் என்று மனம் போனபடி மாற்றக்கூடாது, பெர்மிட்டில் அன்றைய இரவுக்கு எந்த ஏரி எழுதியிருக்கிறதோ அங்கேதான் தங்க வேண்டும்.

ஒரு இடத்தில் அதிகபட்சம் 9 பேர். எங்கள் ஆட்கள் அடிக்கடி இடறுவது இங்கேதான். சித்தி குடும்பம், மாமா குடும்பம், மாமாவின் சிநேகிதர் என்று 14 பேர் சேர்ந்தால் இரண்டு பெர்மிட், இரண்டு இடம். "ஒரு இரவுதானே, நெருக்கிப் படுப்போம்" என்பது அங்கே எடுபடாது.

இனிச் சாப்பாடு. கழித்துப் போடும் டின்னும் போத்தலும் உள்காட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. உணவோ பானமோ அடைத்து வந்த, எரித்தால் எரியாத எந்தக் கொள்கலமும் இதில் அடங்கும். அதாவது எங்கள் வீட்டுப் பயணப்பையில் முதலில் ஏறும் டின் மீன் கூடாது, சோடா கான் கூடாது, பியர் டின்னும் போத்தலும் கூடாது, கண்ணாடிப் போத்தலில் வாங்கிய ஊறுகாயும் கூடாது. ஊறுகாய் இல்லாமல் முடியாது என்றால் வீட்டிலேயே திரும்பத் திரும்பப் பாவிக்கிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு போகலாம், அதற்குத் தடையில்லை. அடுப்புக்கான எரிபொருள், பூச்சி மருந்து, சாதாரண மருந்துகள் வந்த கொள்கலங்களுக்கும் தடையில்லை. கருவாட்டைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அது கருங்கரடிகள் உள்ள காடு, அந்த வாசனையைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டுப் பையைக் கூடாரத்திலிருந்து தள்ளி மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடுங்கள், குப்பையை முழுவதும் திரும்பக் கொண்டுவாருங்கள். பாட்டுப் பெட்டிக்கும் ட்ரோனுக்கும் அங்கே இடமில்லை. நெருப்பு ஏற்கெனவே கல் அடுக்கிய குழியில் மட்டும்தான், அதுவும் விழுந்து கிடக்கும் காய்ந்த விறகில். வெளிக்கிடும் நாளில் நெருப்புத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீனுக்கு வருவோம். 18 வயதிலிருந்து 64 வயது வரை உள்ள ஒன்ராறியோ வாசிகளுக்கு இரண்டு வேண்டும்: அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டை, அதோடு மீன்பிடி லைசென்ஸ். ஒரே ஒரு நாள் லைசென்ஸ் எடுத்தால் கார்ட் தேவையில்லை. லைசென்ஸில் ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரண்டு வகை. கன்சர்வேஷன் விலை குறைவு, வைத்துக்கொள்ளும் மீனின் எண்ணிக்கையும் குறைவு. அல்கொன்குயின் இருக்கிற 15ஆம் மீன்வள வலயத்தில் ப்ரூக் ட்ரவுட் மீன் என்றால் ஸ்போர்ட்டுக்கு 5, கன்சர்வேஷனுக்கு 2. அதன் காலம் ஏப்ரல் நாலாவது சனிக்கிழமையிலிருந்து செப்டம்பர் 30 வரை. மே மாதத்தில் நன்றாகக் கடிக்கும், ஆனால் அப்போது கறுப்பு ஈக்களும் நம்மை நன்றாகக் கடிக்கும். இரண்டு இரவு குடும்பத்தோடு போகிறவருக்குக் கன்சர்வேஷனே தாராளம், ஐந்து ட்ரவுட்டைக் காட்டில் வைத்து என்ன செய்வது?

18க்குக் கீழேயும் 65க்கு மேலேயும் லைசென்ஸ் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும். அது கனடாவில் வசிக்கிறவர்களுக்கு மட்டும் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே கேட்பது குடியுரிமையை இல்லை, வசிப்பிடத்தை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் தொடர்ந்து 6 மாதம் ஒன்ராறியோவில் வசித்து, முதன்மை வீடும் இங்கே என்றால் நீங்கள் ஒன்ராறியோ வாசி. படிக்க வந்து ஒரு வருடமாக ஸ்காபரோவில் அறை எடுத்திருக்கும் பிள்ளை, கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதாக இருந்தாலும், உள்ளூர்க் கட்டணத்தில் லைசென்ஸ் எடுக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ இரண்டு மாதம் பார்க்க வந்திருக்கும் 70 வயது அப்பாவுக்கு அந்த வயதுச் சலுகை கிடையாது. அவர் வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஒரு நாளுக்கும் இருக்கிறது, 8 நாளுக்கும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த 18க்குக் கீழ்ப்பட்ட பிள்ளை லைசென்ஸ் உள்ள ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம், பிடித்தது அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும்.

அன்னையர் தினம், தந்தையர் தினம் வரும் வாரக்கடைசிகள், பெப்ரவரி ஃபேமிலி டே வாரக்கடைசி, ஜூன் கடைசியில் தொடங்கும் குடும்ப மீன்பிடி வாரம், இவற்றில் லைசென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம். இந்தச் சலுகையும் கனடா வாசிகளுக்குத்தான். அன்றைக்குக் கன்சர்வேஷன் எண்ணிக்கைதான் பொருந்தும், அரசு கொடுத்த அடையாள அட்டை ஒன்று கையில் இருக்க வேண்டும். பெப்ரவரி அல்கொன்குயினுக்கு உதவாது, அங்கே பனிக்காலத்தில் தூண்டில் போட அனுமதி இல்லை.

உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோகக் கூடாது. பாவிப்பது மட்டுமல்ல, பூங்காவுக்குள் வைத்திருப்பதே குற்றம். வாளியில் மிச்சமான மீனை யாராவது ஏரியில் கொட்டினால் அது அங்கே பெருகி ட்ரவுட்டின் இரையைப் பங்கு போடத் தொடங்கிவிடும், பிறகு எடுக்க வழியில்லை. மண்புழுவும் செயற்கை இரையும் போதும்.

கடைசியாக கனூ. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், கனடாவில் அங்கீகரித்த முத்திரையோடு, அவரவர் உடம்புக்கு அளவாக. வாடகைக்கு எடுக்கும்போது கூடவே ஒரு பிளாஸ்டிக் போத்தல் கிட் தருவார்கள், விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், பலர் காரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். திறந்து பாருங்கள், உள்ளே மிதக்கும் கயிறு 15 மீட்டரும் ஒரு விசிலும் இருக்கும், போத்தலே தண்ணீர் இறைக்கும் கோப்பை. மூன்றும் சட்டப்படி கனூவில் இருக்க வேண்டியவை. இருட்டிய பிறகு ஓட்டினால் டோர்ச்சும் வேண்டும். குடித்துவிட்டுத் துடுப்புப் போடுவதும் விளையாட்டில்லை, கனூவும் குற்றவியல் சட்டத்தில் ஒரு கலம்தான் என்று ஒன்ராறியோ நீதிமன்றம் ஒன்று 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பெர்மிட், லைசென்ஸ், அடையாள அட்டை எல்லாவற்றையும் அச்சடித்து நீர்புகாத உறையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பெரும்பாலான இடத்தில் போன் சிக்னல் கிடைக்காது, ஏரி நடுவில் அதிகாரி வந்து கேட்கும்போது மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.