ஏசி கேஸ் தீர்ந்து போவதில்லை, ஒழுகிப் போகிறது

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் ரங்கூனில் என் பட்டறை வாசலில் டாக்ஸிகள் வரிசை கட்டிவிடும். “அண்ணே, ஏசியில அனல் காத்து வருது. ஒரு டப்பா கேஸ் போட்டு விடுங்க” என்பார்கள். போட்டு அனுப்புவது எனக்குப் பத்து நிமிட வேலைதான். ஆனால் காரணம் பார்க்காமல் அப்படி அனுப்ப மனம் வருவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு தம்பி தன் டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரைக் கொண்டுவந்தார். ஒரே மாதத்தில் இரண்டு இடங்களில் கேஸ் போட்டிருக்கிறார். இரண்டு முறையும் பத்து நாள் குளிர்ந்தது, அப்புறம் பழையபடி சூடு. பானெட்டைத் திறந்து, கேஸை ஆற்றும் கண்டென்சரின் கீழ் மூலையில் டார்ச் அடித்தேன். பைப் சேரும் இடத்தில் மட்டும் தூசி எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக அப்பியிருந்தது. சோப்பு நுரை தடவியதும் குமிழ் விட்டது. உள்ளே ரப்பர் ஓ-ரிங் காய்ந்து தட்டையாகிப் போயிருந்தது. அத்தனை அலைச்சலுக்கும் காரணம் அந்தச் சின்ன வளையம்.

பெட்ரோல் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அழுத்தும்போது சூடேறி, முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் போய், டாஷ்போர்டுக்குள் எவாப்பரேட்டரில் மறுபடி ஆவியாகிக் குளிர்கிறது. ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் வழியாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் குறையலாம். பத்து நாளில் குறைந்தால் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகக் கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கசியும். ஆயில் வற்றிய கம்ப்ரஸர் ஒரு நாள் இறுகி நின்று, தேய்ந்த உலோகத் துகளைக் குழாய் முழுக்கத் தள்ளிவிடும். ஓ-ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கம்ப்ரஸர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்று போய் நிற்கும். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்திக் காப்பாற்ற ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறது. அதையே ஒயர் போட்டு இணைத்து நேராக ஓடவிட்ட கார்கள்கூட என்னிடம் வந்திருக்கின்றன. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

காற்று சூடாக வந்தாலே கேஸ் குறைவு என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். பெகு சாலையில் ஓடும்போது ஜில்லென்று இருந்து, அனோரட்டா சாலையில் காளி கோயில் பக்கம் நெரிசலில் நின்றதும் சூடாகிறதா? முதலில் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரை ஆற்றிவிடும், நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். இதே குறையோடு ஓர் அக்கா வந்தார். ஃபேன் சுற்றாததைப் பார்க்காமல் வேறு எங்கோ கூடுதலாகக் கேஸ் ஏற்றியிருந்தார்கள். அளவு மீறினாலும் ஏசி குளிராது, அழுத்தம் ஏறிக் கம்ப்ரஸர் திணறும். அந்தக் கேஸை முழுதும் மெஷினில் இழுத்து எடுத்து, ஃபேன் மோட்டார் மாற்றி, கண்டென்சர் இடுக்கில் அடைந்திருந்த புழுதியைத் தண்ணீரால் மெல்லக் கழுவி, சரியான எடைக்குக் கேஸ் போட்டோம். எத்தனை கிராம் என்று பானெட் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பல சின்னக் கார்களுக்கு 400, 500 கிராம்தான். தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். கேஜ் அழுத்தத்தைக் காட்டுமே தவிர எடையைக் காட்டாது.

நம்மிடம் ஓடுவதில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார்கள். அந்த ஊர்க் குளிருக்கு ஹீட்டர் வேண்டும், ரங்கூனில் யாரும் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் டாஷ்போர்டுக்குள் காற்றை ஹீட்டர் பக்கம் திருப்பும் கதவு சூட்டுப் பக்கமே சிக்கிக்கொண்டால், ஏசி ஒழுங்காக ஓடினாலும் காற்று சூடாகத்தான் வரும். ஏசியின் தடித்த பைப் சில்லிட்டு வியர்த்திருக்க, காற்று மட்டும் சூடாக இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். பைப்பைத் தொடும்போது பெல்ட்டும் ஃபேனும் கைக்குப் பக்கத்தில் சுற்றும், கவனம்.

ஓட்டையை அடைத்த பின் கேஸ் போடுவதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் போட வேண்டும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். நம் ஊர் ஈரக் காற்று குழாய்க்குள் புகுந்திருக்கும். வேக்குவத்தில்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். விட்டுவிட்டால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டும். கொஞ்ச நேரம் குளிர்ந்து, சூடாகி, அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிரும் கார்களில் பல இந்த வகை. ஆயிலோடு சேர்ந்த ஈரம் அமிலமாகி உள்ளே அரிக்கவும் செய்யும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது போலி கேஸ். டப்பாவில் ஆர்-134ஏ என்று, கார் ஏசிக்குப் பரவலாகப் போடும் கேஸின் பெயரை அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப முடியாது. ஆர்-40 என்னும் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011-இல் கப்பல் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளிகள் இறந்தது இதனால்தான். கார் கண்டென்சரும் அலுமினியம்தான். கலப்படம் கேஜில் தெரியாது, கேஸைச் சோதிக்கும் தனிக் கருவி வேண்டும். சமையல் கேஸ் வகையைச் சேர்ந்ததை மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எவாப்பரேட்டர் கசிந்தால் அது நீங்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும்.

பெட்ரோலோடு பேட்டரி மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் என்ன ஆயில் போடுகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அதன் கம்ப்ரஸர் உயர்மின்னழுத்தத்தில் ஓடுவது. மின்சாரம் கசியாத தனி ஆயில் வேண்டும், சாதாரண ஆயில் கலந்தால் கம்ப்ரஸர் போய்விடும்.

அந்த ப்ரோபாக்ஸ் தம்பிக்கு ஓ-ரிங் மாற்றி, குறைந்த ஆயிலை ஊற்றி, வேக்குவம் போட்டு, எடை பார்த்துக் கேஸ் நிரப்பினேன். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்து மழையும் தொடங்கிவிட்டது, மறுபடி கேஸ் கேட்டு அவர் வரவில்லை. மழைக்காலத்திலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். ஆயில் பட்டால்தான் கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும், கண்ணாடியில் படியும் ஆவியும் விலகும்.