சீசன்: பொருளும் தமிழும்

ஆனி பிறந்ததும் திருநெல்வேலிப் பக்கம் "சீசன் எப்படி?" என்று ஒருவர் கேட்டால், எதைப் பற்றிய கேள்வி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, சாரல் உண்டா என்பதே அதன் பொருள். "ஐந்தருவியில் நன்றாக விழுகிறது, பேரருவியில்தான் கூட்டம்" என்று பதில் வரும். பிற ஊர்களில் மாம்பழ சீசன், கல்யாண சீசன் என்று இன்னொரு சொல்லின் துணையோடு வருவது, இங்கே தனியாக நின்றே ஓர் ஊரைக் குறித்துவிடுகிறது.

இந்தச் சொல்லின் வேர் விதைப்பில் இருக்கிறது. விதைத்தல் என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல் ஒன்று, பிரெஞ்சு வழியாக விதைக்கும் காலம், உகந்த காலம் என்று விரிந்து, 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் புகுந்தது. உணவில் உப்பும் காரமும் சேர்ப்பதையும், பச்சை மரத்தை ஈரம் போக உலர்த்துவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் சொல்வார்கள். உரிய காலத்தில் பழுத்தால்தான் கனி ருசிக்கும் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. இந்தப் பொருளுக்குத் தமிழில் 'பதம்' இருக்கிறது: பாகு பதம், பதப்படுத்திய மரம்.

காலத்தைக் குறிக்கும்போது 'பருவம்' என்பதே நேர்ச்சொல். "பருவத்தே பயிர் செய்" என்ற ஔவையின் வாக்கில் காலமும் விதைப்பும் சேர்ந்தே நிற்கின்றன. ஆங்கிலச் சொல் எங்கிருந்து புறப்பட்டதோ, அந்த இடத்திலேயே நம் சொல்லும் நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

தாமிரபரணிப் பாசன விவசாயிக்கு இரவல் சொல்லே தேவைப்படவில்லை. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்ததும் நடுவது கார். வடகிழக்கு மழையை நம்பி ஐப்பசி வாக்கில் தொடங்குவது பிசானம். "பிசானத்துக்கு நாற்றுப் பாவியாயிற்றா?" என்றால் பருவம், நெல், தண்ணீர் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். 'கார்' ஆவணி, புரட்டாசி இரு மாதங்களுக்குப் பழந்தமிழ் இலக்கணம் தந்த பெயர். அது இன்னும் வயலில் புழங்குகிறது. அதை விட்டுவிட்டு 'முதல் சீசன் நெல்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

குற்றாலத்துக்கு 'சாரல் காலம்' என்பதே பொருத்தம். பழைய செய்யுள்களில் சாரல் என்றால் மலைச்சரிவு. இன்றோ காற்றோடு சாய்ந்து விழும் தூறல். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும்போது, வெயில் அடித்துக்கொண்டிருக்கையிலேயே முகத்தில் பொடித்துளி படும். கைக்குட்டையை எடுப்பதற்குள் காற்றே அதை உலர்த்திவிடும். மலைச்சரிவு, தூறல் என்ற இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஊர் அது. அரசு நடத்தும் விழாவுக்கும் சாரல் விழா என்றுதான் பெயர்.

எல்லா இடத்திலும் பருவத்தைப் பொருத்திவிடவும் கூடாது. ரயில் சீசன் டிக்கெட்டில் பருவம் ஏதும் இல்லை. மாதப் பயணச்சீட்டு என்றால் போதும். தொலைக்காட்சித் தொடருக்கு 'இரண்டாம் பாகம்' சரியாக இருக்கும். பழக்கடையில் சீசன் பழம் என்பதை 'பருவப் பழம்' என்னலாம். அந்தக் கடைக்காரர்களோ மங்குஸ்தானுக்கு "வரத்து தொடங்கிவிட்டது" என்றே சொல்கிறார்கள். அதுவும் நல்ல தமிழ்தான்.