பல் வைத்தியத்துக்குக் காப்பீட்டு அட்டை வேண்டாம், ஓ.பி. சீட்டு போதும்

சொத்தைப் பல்லை அடைக்கவும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவும் என்று நம்பிப் பலர் தனியார் கிளினிக்குக்குப் போகிறார்கள். "இதற்கெல்லாம் காப்பீடு கிடையாது" என்று அங்கே சொன்னதும், பல் வைத்தியமே வசதி படைத்தவர்களுக்குத்தான் என்று முடிவுகட்டித் திரும்பிவிடுகிறார்கள். வடசென்னையில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம் அது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கு உதவுகிறது. விபத்தில் தாடை எலும்பு முறிந்தாலோ, வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலோ அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பல் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது போன்றவை வெளிநோயாளி சிகிச்சைகள். அவை இதில் வராது.

ஆனால் அவற்றுக்கு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-ல் தொடங்கிய இந்தக் கல்லூரியில் வேர் சிகிச்சை, ஈறு நோய், குழந்தைகளின் பல், பல் செட் எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தருவதால் நேரம் சற்றுக் கூடுதலாகும். அதற்காகத் தயங்க வேண்டாம்; ஒரு பல்லை இத்தனை பேர் கவனித்துப் பார்க்கும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? பல் செட், உறை போன்றவற்றுக்கு ஏதேனும் செலவு உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை இலவசம் என்று தெரிந்தும் பலர் போகாததற்குப் பெரிய காரணம் கூலி. ஓ.பி. காலையில்தான் நடக்கிறது. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவருக்கும், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவருக்கும், நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கும் ஒரு காலை போனால் அன்றைய வருமானம் போய்விடும். அதனால் கிராம்பு, மருந்துக்கடை மாத்திரை என்று நாள் ஓடுகிறது. ஒருநாள் வலி தானாக நின்றுவிடுகிறது. குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பல்லின் உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். சீழ் வேரைத் தாண்டி எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். பல்லில் கரும்புள்ளி தெரியும்போதே போனால் ஒரு தடவையில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை அலைய வேண்டும். கூலியைக் கணக்குப் பார்க்கிறவர்தான் சீக்கிரம் போக வேண்டும்.

பகலில் முடியாதவர்கள் அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். சில நிலையங்களில் மாலை நேரச் சிறப்பு மருத்துவர் சேவை நடக்கிறது. பல் மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவும் குறைகிறது.

மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருப்பவர்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நடந்தால், நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். உங்கள் பணம்தான் அங்கே போகிறது.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பயம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. பல்லின் உணர்வுக்கான நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் மாதத்தைச் சொல்லிச் சிகிச்சை பெறலாம். நடு மாதங்கள் அதற்கு ஏற்றவை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் ஈறில் ரத்தம் வருவதையும் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பல் சொத்தையையும் பார்க்கிறது. அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 'விழப்போகும் பால் பல்தானே' என்று விடக் கூடாது. ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரமானது. அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடும் பெற்றோர் ஏராளம்.

மாவா, குட்கா பழக்கம் உள்ளவர்கள் வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கன்னத்தின் உள்ளே வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்கச் சிரமம், இவற்றில் எது இருந்தாலும் மறுநாள் காலையே ஓ.பி.க்குப் போங்கள். பழக்கத்தை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.