கசட்டுச் சிமெண்ட்: ‘ஸ்லாக்’ என்றால் என்ன?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீடு கட்டுவோர் ‘ஸ்லாக் சிமெண்ட்’ என்றும் ‘பி.எஸ்.சி.’ (போர்ட்லேண்ட் ஸ்லாக் சிமெண்ட்) என்றும் சொல்லும் மூட்டையில் ஐ.எஸ். 455 என்று இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். ‘ஸ்லாக்’ என்ற ஆங்கிலச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் கீழ் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். தாதுக்கூளமும் (தாதோடு வரும் மண், கல்) அதை உருக்க உதவும் இளக்கியும் உலையில் சேர்ந்து உருகினால் கசடு என்று பள்ளி வேதியியலிலேயே படித்திருக்கிறோம். கிட்டம் என்ற பழைய சொல்லும் உண்டு. சித்த மருத்துவத்தின் மண்டூரம் பழைய இரும்புக்கிட்டம்தான். ‘இரும்புக் கழிவு’ என்று எழுதுவது மட்டும் கூடாது. ‘கசடற’ என்னும்போது கசடு குற்றத்தைக் குறிப்பதால் ஏற்கெனவே பலருக்குத் தயக்கம். கழிவு என்றால் கலப்படம் என்றே நினைத்துவிடுவார்கள்.

இரும்புத் தாதை உருக்கும் ஊதுலையில் உருகிய இரும்பின்மேல் கசடு மிதக்கும். அதை மெல்ல ஆறவிட்டால் கல்லாகும், ஜல்லிக்கு உதவும். தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடித் தன்மையுள்ள மணலாகும். நைசாக அரைத்தால் இந்த மணலுக்குத்தான் பிடிப்பு வரும். ஆகவே முன்னதைக் கசட்டுக்கல், பின்னதைக் கசட்டுமணல் என்று பிரித்துச் சொல்வது நல்லது. கசட்டுச் சிமெண்டில் அரைத்த கசட்டுமணல் 25 முதல் 70 சதவீதம் இருக்கும்.

சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது வெளிவரும் சுண்ணாம்பு, கசட்டைத் தூண்டிவிடும். அதனால் கூடுதல் பசை உண்டாகி, கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடும். நிலத்தடி உப்பு கம்பியைத் தொட நெடுநாளாகும். கடலோர டெல்டாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! கான்கிரீட்டை அரிக்கும் சல்பேட் உப்பையும் நன்றாகத் தாங்கும். சூடு குறைவாக எழுவதால் கனமான அஸ்திவாரத்தில் வெடிப்பும் குறையும்.

பலகை பிரித்ததும் தூண் நீலப்பச்சையாக இருந்தால் பதற வேண்டாம். கசட்டிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வரும் நிறம் அது, காற்றுப் பட்டால் மங்கிவிடும்.

தொடக்க வலிமை மெதுவாகத்தான் ஏறும், மார்கழிக் குளிரில் இன்னும் மெதுவாக. சாதா சிமெண்டுக்குப் பிரிக்கிற நாளிலேயே சென்ட்ரிங்கைப் பிரித்தால் தளம் தொய்யும்; சில நாள் கூடுதலாக விடுங்கள். தண்ணீர் விடுவதை 7 நாளில் நிறுத்தக்கூடாது, 14 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். இடையில் காய்ந்தால் கசட்டின் வினை நின்றுவிடும், மேற்பரப்பு மாவாக உதிரும்.

உவர்ப்பான போர் தண்ணீரில் கலவை போட்டால் இத்தனையும் வீண். உப்பை நாமே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்சவரம்பு, சோதித்துவிட்டே ஊற்ற வேண்டும். கடலோரத்துக்கு எம்30 என்ற வலிமைத் தரக் கலவை, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடல் (கவர்), நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரையும் இதில் கழித்துக்கொள்ளுங்கள்.