ஆற்றைப் புனரமைக்க முடியுமா?

போன வாரம் வேலூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பதாகையில் 'பாலாறு புனரமைப்பு' என்று போட்டிருந்தது, பேசியவர்களும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கெட்டுப்போன ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ரிவர் ரெஸ்டோரேஷன் என்கிறார்கள். அதற்கு எப்போதோ யாரோ இப்படி எழுதிவைக்க, துண்டறிக்கை, செய்தி, திட்ட அறிக்கை என்று எல்லா இடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ரெஸ்டோர் லத்தீன் வழி வந்த சொல். பழைய நிலைக்குக் கொண்டுவருதல், எடுத்ததைத் திருப்பித் தருதல் என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. 'புனர்' என்றால் வடமொழியில் மறுபடி, அதோடு நம் 'அமைப்பு' சேர்ந்து புனரமைப்பு. வடசொல் கலந்திருக்கிறது என்பதற்காக மட்டும் நான் சண்டைக்கு வரவில்லை. இடிந்த மண்டபத்தைப் புனரமைக்கலாம், ஏனென்றால் அதை ஒருவர் கட்டினார். ஆற்றை யார் அமைத்தார்கள், மறுபடி அமைப்பதற்கு? இந்தச் சொல்லைக் கேட்டதுமே மனசு கட்டுமானத்துக்குப் போய்விடுகிறது: கான்கிரீட் கரை, நடைபாதை, விளக்குக் கம்பம். தண்ணீர் எங்கே என்ற கேள்வியே எழுவதில்லை.

இதைவிடக் கொடுமை, 'பாலாற்றைத் தூர்வார வேண்டும்' என்பது. தூர் என்பது ஏரியிலும் குளத்திலும் கிணற்றிலும் அடியில் படியும் வண்டல். அதை வாரினால் கொள்ளளவு கூடும், சரி. பாலாற்றில் கிடப்பது தூரா? மணல். ஆண்டின் பெரும்பகுதி மேலே வறண்டு கிடக்கும் இந்த ஆறு தண்ணீரைச் சேர்த்துவைப்பதே அந்த மணலுக்குள்தான். ஊற்றுக்கால்வாய் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோன ஊர்கள் இந்தப் பக்கம் எத்தனை! அந்த மணலை அள்ளுவதற்குத் தூர்வாருதல் என்று பேர் வைத்தால், கொள்ளைக்கு நல்ல சொல் ஒன்றை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

'புத்துயிரூட்டல்' பரவாயில்லை என்பார்கள். எனக்கு அதுவும் ஒப்பவில்லை. செத்ததற்குத்தானே உயிரூட்ட வேண்டும்? 2021 நவம்பரில் இதே பாலாறு கரையை அறுத்துக்கொண்டு ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நான் சொல்வது மீட்பு. மீள் என்பது தன்வினை, மீட்டல் பிறவினை. நெல்லூர்ப்பேட்டையோ காட்பாடியோ, அடகுக்கடை வாசலில் நிற்கிறவரிடம் கேளுங்கள், 'நகையை மீட்க வந்தேன்' என்பார். தன்னுடையதுதான், இன்னொருவர் கையில் இருக்கிறது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆறு என்ற சொல்லுக்கே வழி என்று ஒரு பொருள் உண்டு, அடைபட்ட வழியை மீட்கலாம், வழியைப் புனரமைப்பது என்ன வேலை? கணியம்பாடிப் பக்கம் நூறு நாள் வேலைப் பெண்கள் நாகநதியில் உறை இறக்கி, மழைநீர் நிலத்தடிக்குள் போகக் கிணறுகள் கட்டினார்களே, அதுதான் ஆற்று மீட்பு. கட்டியது கிணற்றை, மீட்டது ஆற்றை.

மொழிபெயர்க்கிறவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம். ஆங்கில வாக்கியத்தைப் பார்க்கிறார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை. வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு மட்டுமல்ல, கெட்டுப்போன சூழலைச் சரிசெய்யும் செலவும் அவருடையதே என்றது. அதைப் 'புனரமைப்புச் செலவு' என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் பில் மாதிரி இருக்கிறது. 'மீட்புச் செலவு' என்று எழுதிப் பாருங்கள், யாரிடமிருந்து மீட்பது என்ற கேள்வி தானாக வரும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் கிணற்று நீர் கெட்டுப் பயிர் இழந்தவர்கள் கேட்டதும் அதைத்தானே.

ரிவர் ஹெல்த் என்பதற்கு 'நதி ஆரோக்கியம்' வேண்டாம், ஆற்று நலம் போதும். பாதுகாப்பு என்பதற்குப் பதில் பேணுதல் எனலாம். காவல் போட்டால் பாதுகாப்பு ஆகிவிடும், பேணுவதற்கு தினமும் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் பதாகை அடிக்கும் முன் 'பாலாறு மீட்பு' என்று மாற்றித் தரும்படி கேட்டு எழுதியிருக்கிறேன்.