போர்டிகோ சீலிங்குக்கு எந்தப் பூச்சு? முதலில் மேலே பாருங்கள்

“சீலிங்தானே, மழையா வெயிலா படப்போகிறது, ஹாலுக்கு வாங்கியதில் மிச்சம் இருப்பதையே அடித்துவிடுங்கள்” என்று வீட்டுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் நான் வேலையை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கிவிடுவேன். மழை படாததால்தான் அங்கே படியும் தூசியும் ஒட்டடையும் கழுவப்படாமல் கிடக்கின்றன, வெயில் படாததால்தான் ஏறிய ஈரம் சீக்கிரம் காய்வதில்லை. பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்?

ஒரு வீட்டில் மூன்று முறை பெயிண்ட் அடித்தும் மூன்று முறையும் உரிந்துவிட்டது. பெயிண்ட் போலி என்றே அந்த அம்மா நம்பியிருந்தார். ஏணியில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த ஒரு செதிலைப் பிய்த்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளைத் தூள், விரலில் தேய்த்தால் நறநறவென்றது. உப்பு. மேலே இருந்த பால்கனியின் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர், சிமெண்டில் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே வந்து காயும்போது பூச்சையே தள்ளிவிட்டிருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் இதே கதைதான். உங்கள் வீட்டில் உரிகிறது என்றால் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் ஒரு செதிலைத் திருப்பிப் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

மேலே கசிவை அடைத்த பிறகும் உடனே அடிக்கக் கூடாது. அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் ஷீட்டை சீலிங்கில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். உப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷால் தேய்த்துத் தட்டிவிடுங்கள்.

அப்புறம் பூச்சு. சிமெண்ட் தளத்துக்கு என் தேர்வு, வெளிப்புறத்துக்கான அக்ரிலிக் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்), அதற்கு அடியில் சிமெண்டின் காரம் (ஆல்கலி) தாங்கும் பிரைமர். நீராவி வெளியேற இது ஓரளவு வழிவிடும். எண்ணெய் சேர்ந்த எனாமல் பெயிண்ட் அடித்தால் பளபளவென்று இருக்கும், துடைக்கவும் சுலபம், ஆனால் புது சிமெண்டில் உள்ள காரம் அதன் எண்ணெயைச் சோப்பு மாதிரி ஆக்கிவிடும், பூச்சு பிசுபிசுத்து உரியும். சிமெண்ட் பூசி 28 நாளாவது ஆறவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பளபளப்பில் இன்னொரு தொல்லை, போர்டிகோவில் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வருவதால் கொத்தனார் கரண்டி பட்ட மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தெரியும். பளபளப்பில்லாத ‘மேட்’ வகைதான் சரி, ஒட்டடையை அடிக்கடி துடைப்பவர் என்றால் லேசான மினுமினுப்பு போதும். மேடு பள்ளத்தை நிரவப் புட்டி வேண்டுமென்றால் வெள்ளை சிமெண்ட் புட்டி, மெல்லிசாக.

ஜிப்சம் போர்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் அங்கே வேண்டாம், ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். ஃபைபர் சிமெண்ட் போர்டு தாராளமாகப் போடலாம். பிவிசி பலகையும் பரவாயில்லை, சூட்டில் நீளும் என்பதால் சுவரோரம் இடைவெளி விட்டால் போதும்.

மரம் என்றால்தான் எனக்குக் கவலை. பலகையை ஏற்றி ஆணி அடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடிக்கிறார்கள். பூசாத முதுகு வழியாக ஈரம் ஏறி, பலகை ஒரு பக்கம் மட்டும் உப்பி வளைகிறது. ஏற்றுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பூசுங்கள். முக்கியமாக அறுத்த முனைகள்: ஒரு முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பலகையின் முகத்தில் நிற்கும் சொட்டு அங்கே உறிஞ்சப்பட்டு மறைந்துவிடும். உள்வேலைக்கான கெட்டி வார்னிஷ் வெளியே வெடித்து உரியும், பிறகு முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி அடிக்க முடியும். தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். ஊறி இறங்கும் எண்ணெய்ச் சாயம் அப்படி உரியாது, மங்கியதும் துடைத்துவிட்டு மேலேயே ஒரு கை பூசலாம். ஆணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கருப்பு வட்டம் விழும்.

கடைசியாக, தளத்தின் வெளி விளிம்பில், அடிப்பக்கம் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு காடி, அதாவது கோடு போன்ற பள்ளம், தட்டுப்பட வேண்டும். விளிம்பில் வழியும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லையென்றால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சீலிங்குக்குள் வரும், அதை எந்தப் பூச்சும் தடுக்காது. பெயிண்டரைக் கூப்பிடும் முன் அந்தக் காடியைப் போடச் சொல்லுங்கள்.